டிஜிட்டல் ஒலி இணைப்பிகளின் வரலாறு

டிஜிட்டல் ஒலி இணைப்பிகள் என்பவை, எண்களாக மாற்றப்பட்ட ஒலியை ஒரு கருவியிலிருந்து மற்றொரு கருவிக்குக் கொண்டுசெல்லும் கேபிள்களின் முனைகளில் பொருத்தப்படும் பிளக்குகளும், அவற்றை ஏற்கும் சாக்கெட்டுகளும் ஆகும். எக்ஸ்எல்ஆர், ஆர்சிஏ, பிஎன்சி, டாஸ்லிங்க், 25 பின் கொண்ட டி வடிவ இணைப்பி ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. டாஸ்லிங்க் நீங்கலாக மற்ற நான்கும் டிஜிட்டல் ஒலிக்காக உருவாக்கப்பட்டவை அல்ல. மைக்ரோஃபோன், கிராமஃபோன், ரேடார், கணினி போன்ற வேறு பயன்களுக்காக முன்பே புழக்கத்தில் இருந்தவற்றை, 1980களில் தரநிலைகளை வகுத்த பொறியாளர்கள் எடுத்தாண்டனர். கையில் இருந்த பிளக்கையே பயன்படுத்தியதால் செலவு குறைந்தது. ஆனால் உருவத்தில் ஒன்றாகவும் மின்னியல் பண்பில் வேறாகவும் உள்ள கேபிள்கள் ஒரே சாக்கெட்டில் நுழையும் நிலையும் அதனால் உண்டானது. இன்று ஒரு கேபிளைத் தேர்ந்தெடுக்கும்போதும் கம்பிகளைப் பற்றவைக்கும்போதும் பின்பற்றப்படும் விதிகளில் பல, இந்த மரபுச் சுமையிலிருந்து பிறந்தவையே.

முன்னோடிகள்

ஆர்சிஏ இணைப்பி, அமெரிக்க வானொலிக் கழகமான ரேடியோ கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்காவால் 1930களில் உருவாக்கப்பட்டது. வானொலியும் இசைத்தட்டுக் கருவியும் ஒரே மரப்பெட்டியில் அமைந்த வீட்டுக் கருவிகளில், உள் இணைப்புகளுக்காக அது வடிவமைக்கப்பட்டது. ஃபோனோகிராஃபைக் குறிக்கும் 'ஃபோனோ பிளக்' என்ற பெயரும் அதிலிருந்தே வந்தது. நடுவில் ஒரு பின், சுற்றிலும் ஓர் உலோக வளையம் என்ற எளிய அமைப்பு, தயாரிப்புச் செலவை மிகவும் குறைத்தது. பெட்டிக்குள் ஒரு முறை செருகிவிட்டால் மீண்டும் எடுக்கத் தேவையில்லை என்ற எண்ணத்தில் உருவானதால், அதில் பூட்டும் அமைப்பு கிடையாது. செருகும்போது வெளிவளையத்துக்கு முன்பே நடுப்பின் தொட்டுவிடுவதும் அதன் குறைகளுள் ஒன்று. ஒலி கூட்டிவைக்கப்பட்ட நிலையில் இந்தப் பிளக்கைச் செருகினால் ஒலிபெருக்கியில் பெரும் இரைச்சல் கேட்பது இதனால்தான்.

எக்ஸ்எல்ஆர் இணைப்பியின் மூலம், ஜேம்ஸ் எச். கேனன் 1915இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய கேனன் எலக்ட்ரிக் நிறுவனம் ஆகும். அதன் 'எக்ஸ்' வரிசை இணைப்பிகளில் முதலில் பூட்டும் கொக்கி சேர்க்கப்பட்டது. பின்னர் 1950களில் மின்தொடுமுனைகளைச் சுற்றி ரப்பர் போன்ற பொருள் சேர்க்கப்பட்டு எக்ஸ்எல்ஆர் உருவானது. ஒலிப்பதிவுக் கூடங்களில் அது 'கேனன்' என்றே அழைக்கப்பட்டது. மூன்று பின்களில் 1ஆம் பின் ஷீல்டு எனப்படும் கவசவலைக்கும், மற்ற இரண்டும் ஒலிக்கும் உரியவை. 1ஆம் பின்னே முதலில் தொடும்படி அமைந்திருப்பதால் செருகும்போது இரைச்சல் குறையும். ஒரே ஒலி இரு கம்பிகளில் எதிரெதிர்த் திசையில் செல்லும் சமநிலை இணைப்புக்கு இது மிகவும் ஏற்றது. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரு கம்பிகளிலும் ஒரே அளவில் படுவதால், ஏற்கும் முனையில் அது கழிந்துவிடும்.

பிஎன்சி இணைப்பியின் பெயரில் பெல் ஆய்வுக்கூடத்தின் பால் நீல், ஆம்ஃபெனால் நிறுவனத்தின் கார்ல் கான்செல்மன் ஆகிய இருவரின் பெயர்களும் அடங்கியுள்ளன. இதற்கான காப்புரிமை, ஹேசல்டைன் நிறுவனத்தின் ஆக்டேவியோ சலாட்டிக்கு 1951இல் வழங்கப்பட்டது. உயர் அலைவெண் கொண்ட வானொலி, ரேடார் மின்குறிகளுக்காக உருவான இதனைச் செருகி, கால் சுற்றுத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். இந்த மூன்று இணைப்பிகளில் கேபிளின் மின்மறுப்பைக் கருத்தில்கொண்டு வடிவமைக்கப்பட்டது இது ஒன்றே. இது 50 ஓம், 75 ஓம் என இரு வகைகளில் கிடைக்கிறது.

மின்மறுப்பு ஏன் முக்கியமானது

பேச்சும் இசையும் மின்குறியாகச் செல்லும் அனலாக் முறையில் மிக உயர்ந்த அலைவெண் 20,000 ஹெர்ட்ஸ் அளவே. அத்தகைய அலையின் நீளம் கேபிளுக்குள் பல கிலோமீட்டர் ஆகும். எனவே கூடத்துக்குள் ஓடும் சில பத்து மீட்டர் கேபிள், மின்னியல் கணக்கில் வெறும் கம்பியே. அதன் மின்தேக்குத் திறனைக் கவனித்தால் போதும்.

டிஜிட்டல் ஒலியில் நிலைமை வேறு. நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கப்படும் இருதட ஒலி, நொடிக்கு 30.72 லட்சம் பிட்டுகளாகக் கேபிளில் ஓடுகிறது. அதன் மிகக் குறுகிய துடிப்பு ஏறத்தாழ 163 நானோநொடியே நீடிக்கும். கேபிளில் மின்குறி ஒரு நானோநொடியில் சுமார் 20 செ.மீ. பயணிக்கிறது. ஆகவே 100 மீட்டர் கேபிளின் ஒரு முனையிலிருந்து மறுமுனையை அடைவதற்குள் அடுத்தடுத்து மூன்று துடிப்புகள் கிளம்பிவிடும். இந்நிலையில் கேபிள் வெறும் கம்பியாக இல்லாமல், அலைகள் ஓடும் பாதையாகச் செயல்படுகிறது. கம்பியின் தடிமன், கம்பிகளுக்கு இடையிலான தொலைவு, காப்புப்பொருளின் தன்மை ஆகியவற்றால் அமையும் பண்பே அதன் சிறப்பியல்பு மின்மறுப்பு. இது கேபிளின் நீளத்தைப் பொறுத்து மாறாது. அனுப்பும் கருவி, கேபிள், ஏற்கும் கருவி ஆகிய மூன்றின் மின்மறுப்பும் ஒத்திராவிட்டால், அலையின் ஒரு பகுதி முனையில் மோதித் திரும்பி, பின்னால் வரும் துடிப்புகளின் மேல் படியும்.

தரநிலைக்கு முந்தைய காலம்

ஒலியை எண்களாக மாற்றும் துடிப்புக் குறிமுறை ஏற்றத்தை அலெக் ரீவ்ஸ் 1937இல் பாரிஸில் வகுத்தார். அது ஒலிப்பதிவுக்கு வர முப்பது ஆண்டுகள் ஆயின. ஜப்பானிய ஒலிபரப்புக் கழகமான என்எச்கே 1967இல் டிஜிட்டல் ஒலிப்பதிவுக் கருவியைச் செய்துகாட்டியது. டெனான் 1972இல் வணிகப் பதிவுகளுக்கு அதனைப் பயன்படுத்தியது.

அக்காலத்தில் இத்தனை பிட்டுகளைப் பதிய ஏற்ற கருவி வீடியோ ரெக்கார்டரே. எனவே ஒலியின் எண்கள், கறுப்பு வெள்ளைப் புள்ளிகள் கொண்ட ஒரு வீடியோ படமாக மாற்றப்பட்டு நாடாவில் பதியப்பட்டன. குறுந்தட்டின் 44,100 ஹெர்ட்ஸ் என்ற எண்ணும் இதிலிருந்தே வந்தது: ஒரு கோட்டுக்கு 3 மாதிரிகள், ஒரு புலத்துக்கு 245 கோடுகள், நொடிக்கு 60 புலங்கள். ஐரோப்பியத் தொலைக்காட்சி முறையில் 3, 294, 50 ஆகியவற்றைப் பெருக்கினாலும் அதே எண் கிடைக்கும். சோனியின் பிசிஎம்-1 (1977), பிசிஎம்-எஃப்1 (1981) போன்ற கருவிகளை வீடியோ ரெக்கார்டருடன் இணைத்தவை 75 ஓம் வீடியோ கேபிள்களே. ஆக, டிஜிட்டல் ஒலிக்கென்று ஒரு தரநிலை வருவதற்கு முன்பே, வீடியோ உருவில் அது 75 ஓம் கேபிளில் பயணித்துவிட்டது.

கருவிக்குக் கருவி நேரடியாக ஒலியை அனுப்ப ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி முறையை வைத்திருந்தது. சோனியின் எஸ்டிஐஎஃப்-2 முறையில் இடத்தடம், வலத்தடம், கடிகாரக் குறி ஆகியவற்றுக்கு மூன்று பிஎன்சி கேபிள்கள் தேவைப்பட்டன. பிற நிறுவனங்கள் பல பின்கள் கொண்ட தடித்த கேபிள்களைப் பயன்படுத்தின. ஒரு நிறுவனத்தின் கருவியிலிருந்து இன்னொன்றின் கருவிக்கு ஒலியை மாற்ற வேண்டுமானால், அதனை மீண்டும் அனலாக்காக மாற்றவேண்டிய நிலை இருந்தது.

ஏஇஎஸ்3 தரநிலையும் எக்ஸ்எல்ஆரும்

ஒலிப் பொறியியல் சங்கமான ஏஇஎஸ் 1985இல் வெளியிட்ட ஏஇஎஸ்3 தரநிலை இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டியது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியமான ஈபியூவும் இதனை ஏற்றதால், இது ஏஇஎஸ்/ஈபியூ என்றும் அழைக்கப்படுகிறது. ஒலிபரப்புக் கூடங்களிலும் பதிவுக் கூடங்களிலும் சுவர்களுக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த சமநிலை ஒலிக் கேபிள்களையும், கைக்குப் பழகிய எக்ஸ்எல்ஆர் பிளக்குகளையும் அப்படியே பயன்படுத்த முடியவேண்டும் என்பது இதன் முக்கிய நோக்கங்களுள் ஒன்று. சுவரை உடைத்துப் புதிய கேபிள் இழுப்பது ஒரு ஒலிபரப்பு நிலையத்துக்குப் பெருஞ்செலவு.

மூன்று கேபிள்களின் வேலையை ஒரே கேபிள் செய்வதற்கு, 'பைஃபேஸ் மார்க்' என்ற குறிமுறை கையாளப்பட்டது. இதில் ஒவ்வொரு பிட்டின் தொடக்கத்திலும் மின்னழுத்தம் ஒரு முறை மாறும். பிட்டின் மதிப்பு 1 ஆனால் நடுவிலும் ஒரு முறை மாறும். 0 ஆனால் மாறாது. இதனால் மூன்று நன்மைகள் கிடைத்தன. முதலாவது, கடிகாரக் குறி மின்குறிக்குள்ளேயே அடங்கிவிட்டது. இரண்டாவது, நேர்மின்னோட்டப் பகுதி இல்லாததால் மின்மாற்றி வழியாக அனுப்ப முடிந்தது. ஈபியூ தன் வடிவில் மின்மாற்றியைக் கட்டாயமாக்கியது. மூன்றாவது, மாற்றம் நிகழ்ந்ததா என்பது மட்டுமே பொருட்டு என்பதால், 2ஆம், 3ஆம் பின்களின் கம்பிகள் இடம் மாறிவிட்டாலும் ஒலி பிழையின்றி வந்துசேரும். அனலாக் கூடங்களில் 2ஆம் பின் நேர்முனையா, 3ஆம் பின்னா என்பது நாட்டுக்கு நாடு, நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டிருந்த காலம் அது. 2ஆம் பின்னே நேர்முனை என்று ஏஇஎஸ்14 தரநிலை உறுதிசெய்தது 1992இல்தான்.

ஆனால் கேபிளின் மின்மறுப்பில் பழைய வழக்கம் சிக்கலை உண்டாக்கியது. தரநிலை கோரியது 110 ஓம். மைக்ரோஃபோன் கேபிள்கள் இந்தப் பண்பைக் கருதித் தயாரிக்கப்பட்டவை அல்ல. பொதுவாக அவற்றின் மின்மறுப்பு இதைவிட மிகக் குறைவு. 55 ஓம் கேபிள் ஒன்று 110 ஓம் ஏற்பியில் முடிந்தால், அலையின் மின்னழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு திரும்பிவிடும். சில மீட்டர் தொலைவுக்கு இது வெளியே தெரியாது. நீளம் கூடக்கூட, துடிப்புகளின் ஓரங்கள் மழுங்கி, ஒரு கட்டத்தில் ஒலியில் சொடுக்குகள் கேட்கத் தொடங்கி, சற்று மேலே போனதும் ஒலி முற்றிலும் நின்றுவிடும். அனலாக் கேபிளின் குறை காதுக்குப் படிப்படியாகத் தெரியும். டிஜிட்டல் கேபிளோ விளிம்புவரை குறையைக் காட்டாமல் வந்து, அங்கே திடீரென்று விழும். ஒத்திகையில் வேலை செய்த கேபிள் நேரடி ஒலிபரப்பில் கைவிடுவதற்கு இதுவே காரணம்.

முதல் வடிவிலேயே இன்னொரு குறையும் இருந்தது. அனலாக் வழக்கத்தைப் பின்பற்றி, ஒரு வெளியீட்டிலிருந்து நான்கு கருவிகள் வரை இணையாக இணைக்கலாம் என்று 1985ஆம் ஆண்டு வடிவம் அனுமதித்தது. அதற்காக ஏற்பியின் மின்மறுப்பு 250 ஓம் என வைக்கப்பட்டது. ஒரு கருவி மட்டும் இருந்தால் கேபிள் 250 ஓமில் முடியும். நான்கும் இருந்தால் 62.5 ஓமில் முடியும். இரண்டுமே 110 ஓமுக்குப் பொருந்தாதவை. 1992ஆம் ஆண்டுத் திருத்தத்தில், ஓர் அனுப்பிக்கு ஓர் ஏற்பி என்றும், ஏற்பியின் மின்மறுப்பு 110 ஓம் என்றும் மாற்றப்பட்டது. கேபிளை இரண்டாகப் பிரித்து 'ஒய்' வடிவில் பற்றவைப்பது டிஜிட்டலில் கூடாது என்ற இன்றைய விதியின் பின்னணி இதுவே. ஒரு குறியைப் பல கருவிகளுக்கு அனுப்பவேண்டுமானால் பகிர்வுப் பெருக்கி தேவை.

வீட்டுக்குள் வந்த ஸ்பிடிஃப்

சோனியும் ஃபிலிப்ஸும் 1982இல் குறுந்தட்டை அறிமுகப்படுத்தின. அவ்விரு நிறுவனங்களின் பெயரால் ஸ்பிடிஃப் என்று அழைக்கப்படும் வீட்டு முறை, ஏஇஎஸ்3இன் அதே குறிமுறையையும் அதே பிட் அமைப்பையும் கொண்டது. 1989இல் வெளியான ஐஇசி 958 என்ற பன்னாட்டுத் தரநிலை இரண்டையும் ஒன்றாக உள்ளடக்கியது. பின்னர் அதன் எண் 60958 ஆனது.

வேறுபாடு மின்னழுத்தத்திலும் இணைப்பியிலும் இருந்தது. ஏஇஎஸ்3 வெளியீடு 2 முதல் 7 வோல்ட், ஸ்பிடிஃப் 0.5 வோல்ட் மட்டுமே. முன்னது 110 ஓம் முறுக்குக் கம்பி. பின்னது நடுக்கம்பியைச் சுற்றிக் கவசம் அமைந்த 75 ஓம் கோஆக்சியல் கேபிள். அதன் முனையில் இருந்ததோ, மின்மறுப்பைக் கருதாமல் அரை நூற்றாண்டுக்கு முன் வடிவமைக்கப்பட்ட ஆர்சிஏ பிளக். மலிவு, வீட்டுக் கருவிகள் எல்லாவற்றிலும் அது ஏற்கெனவே இருந்தது என்ற இரண்டும் அதற்குச் சாதகமாயின. வழக்கமான ஆர்சிஏ பிளக்கின் அளவுகளால் 75 ஓமை எட்டுவது கடினம். ஜப்பானின் கனாரே போன்ற நிறுவனங்கள் பின்னாளில் 75 ஓம் என்று குறித்த ஆர்சிஏ பிளக்குகளை வெளியிட்டன.

இந்தப் பொருத்தமின்மை எவ்வளவு பாதிக்கும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மூன்று செ.மீ. நீளமுள்ள பிளக்கை மின்குறி கடக்க 0.15 நானோநொடி போதும். துடிப்பின் அகலமோ 163 நானோநொடி. எனவே 75 ஓம் கேபிளின் முனையில் உள்ள ஆர்சிஏ பிளக், இரண்டு மீட்டர் வீட்டு இணைப்பில் தரவைக் கெடுப்பதில்லை. அதே பிளக்கில் முடியும் சாதாரண இசைக் கேபிளை நீளமாக இழுப்பதே உண்மையான ஆபத்து; அங்கே தவறு பிளக்கின் சில செ.மீ. நீளத்தில் முடியாமல் கேபிள் முழுவதும் பரவியிருக்கும். இருதட இசைக்குச் சிவப்பு, வெள்ளை நிறங்களும் டிஜிட்டலுக்கு ஆரஞ்சு நிறமும் வழக்கில் வந்தது இந்தக் குழப்பத்தைக் குறைக்கவே உதவியது.

ஒரே பிட் அமைப்பு என்பதால் தொழில்முறைக் கருவியும் வீட்டுக் கருவியும் தடையின்றிப் பேசிக்கொள்ளும் என்று எண்ணிவிட முடியாது. தடநிலைத் தகவலின் முதல் பிட், இது தொழில்முறை வடிவமா வீட்டு வடிவமா என்று சொல்கிறது. அடுத்துவரும் பிட்டுகளின் பொருள் இரண்டிலும் வேறு. வீட்டு வடிவில் அவற்றுள் ஒன்று நகலெடுக்கும் உரிமையைக் குறிக்கும். டிஜிட்டல் நாடாவின் வருகையை இசைத்தட்டு நிறுவனங்கள் எதிர்த்ததைத் தொடர்ந்து, நகலின் நகலைத் தடுக்கும் எஸ்சிஎம்எஸ் முறையை அமெரிக்கா 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் வீட்டுக் கருவிகளில் கட்டாயமாக்கியது. இதனால் பிளக்கை மட்டும் மாற்றிப் பற்றவைத்த கேபிள் மின்னியல் கணக்கில் சரியாக இருந்தாலும், ஏற்கும் கருவி பதிய மறுக்கக்கூடும்.

ஒளிவழி இணைப்பு: டாஸ்லிங்க்

டோஷிபா 1983இல் அறிமுகப்படுத்திய டாஸ்லிங்க், மின்கம்பிக்குப் பதிலாக ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் இழையில் சிவப்பு ஒளியை அனுப்புகிறது. தொடக்கத்தில் டோஷிபாவின் குறுந்தட்டுக் கருவிகளை அதன் ரிசீவர்களுடன் இணைக்க உருவான இது, பின்னர் ஸ்பிடிஃப் தரவுக்குப் பொது வழியானது. பழைய மரபு எதுவும் இல்லாமல் டிஜிட்டல் ஒலிக்கென்றே பிறந்ததால், இதில் அனலாக் கேபிளைத் தவறாகச் செருக வழியில்லை. இரு கருவிகளுக்கு இடையே மின்தொடர்பே இல்லாததால், நிலமின்கண்ணியால் எழும் உறுமல் ஒலியும் இதில் வராது. பிளாஸ்டிக் இழையில் ஒளி விரைவில் மங்குவதால் தொலைவு சில மீட்டருக்குள் அடங்குவதும், கூர்மையாக மடித்தால் கெடுவதும் இதன் வரம்புகள்.

ஆனால் இங்கும் குழப்பம் பின்னால் வந்தது. அலெசிஸ் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் வெளியிட்ட அடாட் எட்டுத்தட ரெக்கார்டர், அதே டாஸ்லிங்க் பிளக்கில் முற்றிலும் வேறான எட்டுத்தடத் தரவை அனுப்பியது. கேபிள் ஒன்றே, சாக்கெட்டும் ஒன்றே. ஆனால் ஸ்பிடிஃப் கருவிக்கு அடாட் தரவு புரியாது.

கடிகார நடுக்கம் பற்றிய விவாதம்

பிட்டுகள் பிழையின்றி வந்தால் போதுமா என்ற கேள்வி 1990களில் எழுந்தது. கிறிஸ் டன், மால்கம் ஹாக்ஸ்ஃபோர்டு ஆகிய இருவரும் 1992இல் ஏஇஎஸ் மாநாட்டில் அளித்த கட்டுரை, ஏஇஎஸ்3, ஸ்பிடிஃப் இணைப்புகளில் ஓர் உள்ளார்ந்த குறையைச் சுட்டியது. கடிகாரம் தரவுக்குள்ளேயே அடங்கியிருப்பதால், கேபிளின் அலைவெண் வரம்பு துடிப்புகளின் ஓரங்களை மழுங்கச் செய்யும்போது, மின்னழுத்தம் மாறும் கணம் முந்தைய பிட்டுகளைப் பொறுத்து முன்பின்னாக நகரும். ஜிட்டர் எனப்படும் இந்த நேர நடுக்கம், ஏற்கும் கருவி அதே கடிகாரத்தைக் கொண்டு ஒலியை மீட்டால் ஒலியிலும் இறங்கும்.

விலையுயர்ந்த கேபிள்களை விற்போர் இந்த உண்மையைப் பெரிதாக எடுத்துக்கொண்டனர். பொறியாளர்கள் கண்ட தீர்வோ பெரும்பாலும் கேபிளுக்கு வெளியே இருந்தது. வரும் தரவை இடைச்சேமிப்பில் வைத்து, நடுக்கமற்ற உள் கடிகாரத்தால் வெளியிடும் ஏற்பிகள் பரவின. மின்மறுப்பு பொருந்திய கேபிளும் நல்ல ஏற்பியும் சேர்ந்தால், கேபிளின் விலை ஒலியில் தெரிவதில்லை.

தொலைக்காட்சி நிலையங்களும் பிஎன்சியும்

பெரிய தொலைக்காட்சி நிலையங்களில் ஏற்கெனவே கிலோமீட்டர் கணக்கில் 75 ஓம் வீடியோ கேபிள்களும், பிஎன்சி இணைப்புப் பலகைகளும், வீடியோ பகிர்வுப் பெருக்கிகளும் இருந்தன. டிஜிட்டல் ஒலியையும் அதே வழியில் ஏன் அனுப்பக்கூடாது என்று அவர்கள் கேட்டது இயல்பே. 1995இல் வெளியான ஏஇஎஸ்-3ஐடி ஆவணமும், திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கமான எஸ்எம்பிடிஇயின் 276எம் தரநிலையும் இதற்கு வழிசெய்தன. மின்னழுத்தம் வீடியோவைப் போலவே 1 வோல்ட் ஆக்கப்பட்டது. முறுக்குக் கம்பியில் 100 மீட்டரைக் குறிவைத்த அதே தரவு, நல்ல கோஆக்சியல் கேபிளில் 1,000 மீட்டர் வரை சென்றது. இங்கும் முடிவைத் தீர்மானித்தது கையில் இருந்த கேபிளே. ஆனால் இம்முறை பழைய கேபிள் மின்னியல் கணக்கிலும் ஏற்றதாக அமைந்தது. 1991இல் வெளியான மாடி எனப்படும் ஏஇஎஸ்10 தரநிலையும் 56 தடங்களை ஒரே 75 ஓம் பிஎன்சி கேபிளில் அனுப்பியது.

எட்டுத் தடங்களும் 25 பின்களும்

பல தடங்களுக்குப் பல எக்ஸ்எல்ஆர் சாக்கெட்டுகளைக் கருவியின் பின்புறத்தில் அடுக்க இடம் போதவில்லை. எனவே கணினிகளில் இருந்த 25 பின் டி வடிவ இணைப்பி ஒலித்துறைக்குள் வந்தது. டாஸ்காம் தன் டிஏ-88 எட்டுத்தட ரெக்கார்டரில் (1993) இதே இணைப்பியில் டிடிஐஎஃப் என்ற தனி டிஜிட்டல் முறையை வைத்தது. அனலாக் ஒலிக்கும் இதே இணைப்பி பயன்பட்டது. எட்டுத்தட ஏஇஎஸ்3க்கு டாஸ்காமும் யமஹாவும் வெவ்வேறு பின் வரிசைகளைக் கையாண்டன. ஒரே உருவமுள்ள நான்கு கேபிள்கள் ஒரே பையில் கிடந்து, எது எதற்கு என்று தெரியாமல் போவது கூடங்களில் அன்றாட நிகழ்வானது. டாஸ்காம் வரிசையை அடியொற்றிய ஏஇஎஸ்59 தரநிலை 2012இல்தான் வெளியானது. அதற்குள் இரு வரிசைகளிலும் ஏராளமான கருவிகள் விற்கப்பட்டிருந்தன.

தேர்வும் கம்பி இணைப்பும்: வரலாறு தந்த விதிகள்

மேற்கண்ட நிகழ்வுகளிலிருந்து உருவான நடைமுறை விதிகளை ஒரே வரியில் சொல்வதானால்: முதலில் கேபிளைத் தேர்ந்தெடுக்கவேண்டும், பிளக் அதன்பின்.

- எக்ஸ்எல்ஆர்: 110 ஓம் முறுக்குக் கம்பிக் கேபிள் தேவை. 1ஆம் பின்னில் கவசவலையும், 2ஆம், 3ஆம் பின்களில் இணைக்கம்பியும் சேரும். கவசவலை இரு முனைகளிலும் இணைக்கப்படும். பற்றவைக்கும் இடத்தில் கம்பியின் முறுக்கை இயன்ற அளவு குறைவாகவே பிரிக்கவேண்டும். தரநிலையின் வரம்பு 20 விழுக்காடு என்பதால் 100 ஓம் கணினி வலையமைப்புக் கேபிளும் பொருந்தும். அதனால் நிலையான இணைப்புகளில் அது பரவலாகப் பயன்படுகிறது.

- ஆர்சிஏ: 75 ஓம் கோஆக்சியல் கேபிள் தேவை. கவசவலையை ஒரே இழையாக முறுக்கி ஒரு பக்கத்தில் பற்றவைப்பதைவிட, சுற்றிலும் அழுத்திப் பிடிக்கும் பிளக்கே சிறந்தது. நுரை வகைக் காப்புப்பொருள் கொண்ட கேபிளில் சூட்டுக்கோலை அதிக நேரம் வைத்தால், நுரை இளகி நடுக்கம்பி ஒரு பக்கம் சாயும். அந்த இடத்தில் மின்மறுப்பு மாறிவிடும்.

- பிஎன்சி: கேபிளின் அளவுக்கேற்ற 75 ஓம் பிளக்கும், அதற்குரிய அழுத்துக் கருவியும் தேவை. பழைய கணினி வலையமைப்புகளில் மிஞ்சிய 50 ஓம் கேபிள்கள் உருவத்தில் ஒன்றாகவே இருக்கும். கேபிளின் மேல் அச்சிட்ட எழுத்தைப் படித்தே வேறுபடுத்தமுடியும்.

- ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு: எக்ஸ்எல்ஆரின் 2ஆம் பின்னை ஆர்சிஏவின் நடுப்பின்னுடன் பற்றவைத்துச் சமாளிப்பது உண்டு. பல வோல்ட் வரும் இடத்தில் அரை வோல்ட் எதிர்பார்க்கும் கருவியை வைப்பது அதன் பொருள். மின்மறுப்பையும் சமநிலையையும் சேர்த்து மாற்றும் சிறு மின்மாற்றியும், தேவையான இடத்தில் மின்னழுத்தக் குறைப்பியும் பயன்படுத்துவதே முறை.

கருவிக்குள் 1ஆம் பின் எங்கே சேரவேண்டும் என்பதும் நெடுநாள் தவறாகவே இருந்தது. பல கருவிகளில் அது உலோகப் பெட்டியுடன் சேராமல், உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையின் நிலமின்பாதையில் சேர்ந்தது. கவசவலை பிடித்துவைத்த இரைச்சல் இவ்வாறு நேராக மின்சுற்றுக்குள் கொண்டுவிடப்பட்டது. நீல் மன்சி 1995இல் ஏஇஎஸ் ஆய்விதழில் இதனை விளக்கியபின், 'பின் 1 சிக்கல்' என்ற பெயர் நிலைத்தது. நுழையும் இடத்திலேயே கவசவலை பெட்டியுடன் சேரவேண்டும் என்று ஏஇஎஸ்48 தரநிலை 2005இல் விதித்தது.

வலையமைப்புக் காலம்

2000களுக்குப் பின் வீடுகளில் எச்டிஎம்ஐ கேபிளும், கூடங்களில் கணினி வலையமைப்பும் பழைய இணைப்புகளின் இடத்தைப் பிடித்துவருகின்றன. ஆஸ்திரேலியாவின் ஆடினேட் நிறுவனம் உருவாக்கிய டான்டே, 2013இல் வெளியான ஏஇஎஸ்67 ஆகியவை நூற்றுக்கணக்கான தடங்களை ஒரே வலையமைப்புக் கேபிளில் அனுப்புகின்றன. அந்தக் கேபிளின் முனையில் உள்ள எட்டுத் தொடுமுனை பிளாஸ்டிக் பிளக், 1970களில் பெல் தொலைபேசி நிறுவனம் புகுத்திய தொலைபேசிப் பிளக்குகளின் வழிவந்தது. மேடையில் இழுபடும்போது அதன் மெல்லிய கொக்கி எளிதில் உடைந்துவிடுவதால், லீக்டென்ஸ்டைன் நாட்டின் நியூட்ரிக் நிறுவனம் அதற்கு ஓர் உலோக உறை செய்தது. ஈதர்கான் எனப்படும் அந்த இணைப்பியின் உறை எக்ஸ்எல்ஆரின் உருவமே. கருவியின் பின்பலகையில் எக்ஸ்எல்ஆர் சாக்கெட்டுக்காக வெட்டிய அதே துளையில் அது பொருந்துகிறது.